லாக்கின் வேலியும் ஒரகடத்து நிலமும்

சென்ற வாரம் ஹாப்ஸோடு நின்றோம். அரசு என்று ஒன்று இல்லாத இடத்தில் ‘என்னுடையது, உன்னுடையது’ என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது 1651இல் வெளிவந்த ‘லெவியதன்’ நூலின் கட்சி. எல்லைக்கல்லும் பத்திரமும் பட்டாவும் அரசு வந்த பிறகு வந்தவை. கொடுத்த அரசு, வேண்டும்போது எடுத்துக்கொள்ளவும் செய்யும். நில எடுப்பு அறிவிக்கையைக் கையில் வாங்கிய விவசாயிக்கு ஹாப்ஸைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதே விவசாயி தாசில்தாரிடம் சொல்லும் பதிலில் இன்னொரு தத்துவவாதி இருக்கிறார். “எங்க பாட்டன் காலத்துல கரம்பா கெடந்ததுங்க. மேடு வெட்டி, கல்லு பொறுக்கி, கெணறு எடுத்து இந்த நெலத்த ஆளாக்குனது நாங்க.” பட்டாவை நீட்டுவதற்கு முன்னால் அவர் உழைப்பை நீட்டுகிறார். அரசு தந்ததால் இது என்னுடையது என்று அவர் சொல்லவில்லை. நான் பாடுபட்டதால் என்னுடையது, அரசின் வேலை அதைக் காப்பதுதான் என்கிறார். ஜான் லாக் (1632–1704) எழுதியதும் இதைத்தான்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் என்பது நம் வழக்கம். அவரை ஸ்பினோசாவோடு உட்கார வைத்துப் பேசும் வாரம் வருகிறது. இந்த வாரம் அதே ஊரைச் சுற்றியுள்ள மண்ணைப் பற்றிப் பேசலாம். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், வடகால், ஒரகடம் என்று நீளும் அந்த நிலப்பரப்பைவிட லாக்கின் சொத்துக் கொள்கையைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் கொள்கையின் பலம், ஓட்டை, அதன் பேரால் நடந்த அநியாயம் மூன்றும் இங்கே இரண்டரை நூற்றாண்டாகப் பதிவாகியிருக்கின்றன.

முதலில் கொள்கை. 1689இன் இறுதியில் லாக் ‘அரசாங்கம் பற்றிய இரண்டு ஆய்வுரைகள்’ என்ற நூலைப் பெயர் போடாமல் வெளியிட்டார். அதில் அவர் நேராக மோதியது ராபர்ட் ஃபில்மர் என்ற அரச பக்தரோடு. கடவுள் பூமியை ஆதாமுக்குக் கொடுத்தார், ஆதாமின் வாரிசாக மன்னர்கள் ஆள்கிறார்கள், ஆகவே எல்லாம் மன்னனுடையது என்பது ஃபில்மரின் வாதம். இல்லை, கடவுள் பூமியை மனித குலம் முழுவதற்கும் பொதுவாகக் கொடுத்தார் என்றார் லாக். சொன்னதும் ஒரு சிக்கல் முளைத்தது. எல்லோருக்கும் பொதுவான ஒன்று ஒருவருக்கு மட்டும் சொந்தமாவது எப்படி? ஒவ்வொருவரையும் கூட்டி வைத்துச் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால் பசியில் சாக வேண்டியதுதான்.

இரண்டாம் ஆய்வுரையின் ஐந்தாம் அத்தியாயத்தில் இதற்கு அவர் தரும் விடை, தத்துவ வரலாற்றில் அதிகம் பயன்பட்ட விடைகளில் ஒன்று. பூமி பொது, ஆனால் என் உடம்பு பொதுவல்ல, அது எனக்கே சொந்தம். அந்த உடம்பின் உழைப்பும் எனக்கே சொந்தம். பொதுவில் கிடக்கும் ஒன்றில் என் உழைப்பைச் சேர்க்கும்போது, எனக்குச் சொந்தமான ஒன்று அதில் கலந்துவிடுகிறது. பிறகு அதை என்னிடமிருந்து எடுப்பது என்னையே எடுப்பதாகும். மரத்தடியில் பொறுக்கிய பழத்துக்கும், உழுது விதைத்த நிலத்துக்கும் இதே விதி.

மன்னன் தயவில்லாமல், பிறப்பின் தயவில்லாமல் உரிமைக்கு ஓர் ஊற்றைக் கண்டுபிடித்த வாதம் இது. உழுபவனுக்கே நிலம் என்று இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுச் செங்கொடி ஊர்வலங்களில் எழுந்த முழக்கத்துக்கும், அந்தப் பெயர் போடாத நூலுக்கும் உறவு உண்டு. நம்மவர்கள் லாக்கைப் படித்து முழங்கவில்லை. வியர்வை சிந்தியவருக்கு உரிமை உண்டு என்ற உணர்வு அவர்களிடம் முன்பே இருந்தது. அந்த உணர்வை வாதமாகக் கோத்தது லாக்கின் சாதனை.

இந்த உரிமைக்கு அவர் இரண்டு வரம்பு போட்டார். எடுப்பவர் மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிச்சம் வைக்க வேண்டும். எடுத்தது அழுகி வீணாகும் அளவுக்கு எடுக்கக் கூடாது. இவற்றோடு நின்றிருந்தால் லாக்கின் உலகம் ஏறத்தாழச் சமமான சிறு உழவர்களின் உலகமாக இருந்திருக்கும். ஆனால் அதே அத்தியாயத்தின் பிற்பகுதியில் பணம் வருகிறது. தங்கமும் வெள்ளியும் அழுகுவதில்லை. மனிதர்கள் பணத்தைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டபோதே, ஒருவரிடம் அதிகமும் இன்னொருவரிடம் குறைவும் இருப்பதற்கும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்கிறார் லாக். அத்தியாயத்தின் தொடக்கத்தில் கட்டிய வரம்பைப் பின்பாதியில் அவரே திறந்துவிடுகிறார்.

அடுத்த அடிதான் நம் ஊருக்கு நெருக்கமானது. உழைப்பே நிலத்துக்கு மதிப்பைத் தருகிறது. விளைச்சலின் பயனில் 100க்கு 99 பங்கு உழைப்பால் வந்தது என்று கணக்குச் சொல்கிறார். அப்படியானால் ஆங்கிலேயர் கண்ணுக்குத் தெரியும்படி உழாத, வேலி போடாத நிலம் வீணாகக் கிடக்கும் நிலம். அமெரிக்காவின் பூர்வகுடிகள் வேட்டையாடியும் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்தும் வாழ்ந்த காடுகள் அவருக்கு அப்படித்தான் தெரிந்தன. பரந்த நிலத்தை ஆளும் அமெரிக்கப் பூர்வகுடி மன்னனைவிட இங்கிலாந்தின் கூலித் தொழிலாளி நன்றாக உண்டு உடுத்து வாழ்கிறான் என்றும் எழுதினார். வேலி போட்டவன் உலகத்தின் இருப்பைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறான் என்பது இதன் முடிவு.

இதை எழுதியவர் வெறும் நூலக மனிதர் அல்லர். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் ஆதரவில், அமெரிக்காவின் கரோலினாக் குடியேற்றத்துக்கு உரிமையாளர்களாக இருந்த பிரபுக்களின் செயலாளராக 1669 முதல் 1675 வரை வேலை பார்த்தவர். அந்தக் குடியேற்றத்துக்கு 1669இல் எழுதப்பட்ட அடிப்படைச் சட்டத்தில் அவர் கையும் உண்டு. அடிமைகள் மீது எசமானருக்கு முழு அதிகாரம் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆப்பிரிக்க அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் பங்குப் பணமும் இருந்தது. டேவிட் ஆர்மிடேஜ் என்ற வரலாற்றாய்வாளர், சொத்தைப் பற்றிய ஐந்தாம் அத்தியாயமே 1682 வாக்கில், லாக் மீண்டும் கரோலினாச் சட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டிருக்கலாம் என்று வாதிட்டிருக்கிறார். தன் உடம்பு தனக்கே சொந்தம் என்று எழுதிய கை அது என்பதை மறந்துவிட்டு லாக்கைப் படிப்பது நமக்கு ஆகாது.

அந்த நூல் லண்டனில் அச்சானபோது மதராஸ் ஜார்ஜ் கோட்டையில் எலிஹு யேல் கவர்னராக இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இந்தப் பக்கத்தில் அப்போது கடற்கரையோரம் ஒரு கோட்டையும் சில ஊர்களும்தான். எழுபது ஆண்டு கழித்து நிலைமை மாறியது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, பட்ட கடனுக்கு ஈடாக மதராஸைச் சுற்றிய பெரும் பரப்பைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். பிற்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டமாக ஆனது அதுதான். இன்றைய ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அதற்குள் அடங்கும்.

வாங்கிய நிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கம்பெனி அனுப்பியது. 1767 முதல் 1774 வரை அவர் 2000க்கும் மேற்பட்ட ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதித் தந்த விவரங்களும் அதில் சேர்ந்தன. ஒவ்வொரு ஊரிலும் ஏரி எவ்வளவு, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, மேய்ச்சல் எவ்வளவு, காடு எவ்வளவு, களத்து மேட்டில் நெல் குவிந்ததும் அதில் தச்சருக்கு என்ன, கொல்லருக்கு என்ன, வெட்டியானுக்கு என்ன, கோயிலுக்கு என்ன, கணக்கருக்கு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வரலாற்றாய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடியெடுத்துப் பேசியதால்தான் நம் தலைமுறைக்கு அவை தெரிய வந்தன.

லாக்கின் கண்ணோடு அந்தக் கணக்கைப் படிப்பவர் தடுமாறுவார். ஒரு நிலம், ஒரு வேலி, ஒரு சொந்தக்காரர் என்ற படம் அங்கே இல்லை. நிலத்தின் மீது மிராசுதாரர்களுக்குக் காணியாட்சி இருந்தது. அதையும் பங்குகளாக வைத்திருந்தார்கள், சில ஊர்களில் பங்கைக் கால இடைவெளியில் மாற்றிக்கொண்டார்கள். விளைச்சலின் மீது பலருக்கும் உரிமை இருந்தது. மேய்ச்சல் நிலமும் ஏரி உள்வாயும் சுள்ளி பொறுக்கும் புதரும் யாருடைய சொந்தமாகவும் இல்லாமல் எல்லோருடைய வாழ்க்கையாகவும் இருந்தன. லாக்கின் கணக்கில் வீண் என்று விழும் நிலம் இங்கே ஆட்டுக்கும் மாட்டுக்கும் அடுப்புக்கும் கூரைக்கும் நாள்தோறும் வேலை செய்துகொண்டிருந்தது.

தரம்பாலின் வழி வந்தவர்கள் சிலர் இந்தப் பங்கு முறையைப் பொற்காலமாகக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. களத்துமேட்டில் எல்லோருக்கும் படி அளந்தார்கள் என்பது உண்மை. சேற்றில் இறங்கி உழுது நட்டு அறுத்த பறையர் சமூகத்துப் படியாட்களுக்குக் கிடைத்தது அளந்த நெல் மட்டும்தான் என்பதும் உண்மை. காணியில் அவர்களுக்குப் பங்கில்லை. பலர் ஆளடிமைகளாக நிலத்தோடு சேர்த்துக் கைமாறினார்கள். அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843இல்தான் சட்டம் வந்தது.

லயனல் பிளேஸ் 1794இல் ஜாகீரின் கலெக்டராக வந்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வரும் அதே பிளேஸ்துரை. ஹைதர் அலியின் படையெடுப்பில் பாழாகிக் கிடந்த நாட்டில் ஏரிகளைப் பழுது பார்த்தார், சாகுபடியைப் பெருக்கினார், வரியையும் பெருக்கினார். தன் நிபந்தனைக்கு இணங்காத மிராசுதாரர்களோடு மோதினார். நிலத்தைத் திருத்திப் பயன்பெருக்குவதே உரிமைக்கு அடிப்படை என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய மேல்தட்டின் பொதுப்புத்தியாகவே ஆகியிருந்தது. லாக்கை மேற்கோள் காட்டத் தேவையில்லாத அளவுக்கு ஊறியிருந்தது. 1818இல் எல்லிஸ் (திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ்) மிராசு உரிமை பற்றி விரிவாக எழுதினார். மிராசு என்பது பரம்பரையான உண்மைச் சொத்துரிமையே என்பது அவர் நிலைப்பாடு. கலெக்டருக்கும் மிராசுதாரருக்கும் இடையே நிலம் யாருடையது என்ற வாதம் தலைமுறைகள் நீண்டது. அந்த வாதம் முழுவதிலும் மண்வெட்டி பிடித்தவர் தரப்பு என்று ஒன்று இருக்கவில்லை.

அந்தத் தரப்பை அரசாங்கக் காகிதத்தில் விரிவாக எழுதியவர் 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர். பறையர்களின் நிலைமை பற்றி அவர் அளித்த அறிக்கையை இன்று படித்தாலும் கை நடுங்குகிறது. குடியிருக்கும் குடிசையின் மண்கூட மிராசுதாரருடையது. கூலி உயர்த்திக் கேட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். சிறு கடனுக்காக ஆளே ஆண்டுக்கணக்கில் அடமானமாக இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் தரிசு கிடக்கிறது, உழத் தெரிந்த கை இருக்கிறது, ஆனால் அந்தத் தரிசுக்கு மனுப் போட்டால் மிராசுதாரருக்கே முன்னுரிமை. தான் உழப்போவதில்லை என்றாலும், கூலியாள் சொந்தமாக உழுதுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த முன்னுரிமை பயன்பட்டது.

லாக்கின் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. சும்மா கிடக்கும் நிலம், அதில் உழைக்கத் தயாரான மனிதர், உழைப்பால் சொந்தம் பிறக்கும் என்று சொல்லும் ஆங்கிலேயத் தத்துவம், அந்தத் தத்துவத்தில் வளர்ந்த ஆங்கிலேய அரசு. என்ன நடந்தது? வருவாய் வாரியம் டிரெமென்ஹீரின் அறிக்கையைக் குளிர்ச்சியாகவே எதிர்கொண்டது. செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் பக்கம் இக்காட்டில் வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். கடைசியில் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வெளிவந்தது. தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கும் வழி திறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அந்த வழியில் வந்தது. அடுத்த பல பத்தாண்டுகளில் ஒப்படைத்த நிலங்களுக்கு, வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

நிபந்தனையை மீறி அந்த நிலங்கள் கைமாறிய கதை நீளமானது. அதே செங்கல்பட்டில், காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். டிரெமென்ஹீர் அறிக்கை எழுதி நூற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. பிறகு 2006இல் நோக்கியா, 2007இல் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர். சிப்காட் எடுத்துக் கொடுத்த நிலத்தில் நஞ்சையும் புஞ்சையும் மேய்க்கால் புறம்போக்கும் தரிசும் கலந்திருந்தன. ஒன்றும் விளையாத மானாவாரிதானே, சும்மா கிடந்த புறம்போக்குதானே என்று அதிகாரிகளும் பத்திரிகைகளும் சொன்னது லாக்கின் அமெரிக்க வாதமேதான். வேலி போட்டால் இருப்பு பெருகும். பெருகியும் இருக்கிறது, அதை மறுப்பது நேர்மையல்ல. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கம்பெனி பஸ் ஏறி வந்து, தாங்கள் சம்பாதித்த பணத்தில் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டுத் தம்பியைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்குக் களை பறிப்பில் அது கனவிலும் கிடைத்ததில்லை. லாக் சொன்னதில் பாதி இங்கே பலித்தது.

பலிக்காத பாதியைப் பார்ப்போம். நிலத்தை எடுக்கும்போது இழப்பீடு பட்டாவைத் தேடிப் போனது. அந்த நிலத்தில் முப்பது வருடம் நாற்று நட்டவரையும், புறம்போக்கில் ஆடு மேய்த்தவரையும் அது தேடவில்லை. 2013இல் நாடாளுமன்றம் இயற்றிய நில எடுப்புச் சட்டம் இதை ஓரளவு திருத்தியது. நிலத்தை நம்பி மூன்று வருடம் பிழைத்த கூலியாட்களும் குத்தகைக்காரர்களும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்று எழுதியது. சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தனியார் நிறுவனத்துக்கு எடுப்பதானால் 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்றது. குடிமகனின் சொத்தை அவன் சம்மதமில்லாமல் எந்த அரசும் எடுக்க முடியாது என்று லாக் எழுதியதற்கு இந்தியச் சட்டம் அதிகம் நெருங்கி வந்த இடம் அது.

தமிழ்நாடு என்ன செய்தது? 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தையும் இன்னும் இரண்டு சட்டங்களையும் அந்த வரம்புக்கு வெளியே நிறுத்திக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டமன்றம் அதே மாதமே புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இரண்டு திராவிடக் கட்சிகளின் ஆட்சியிலும் இந்த நிலை மாறவில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டு மறுப்பதும், அரசு மேலே போவதும் அந்த 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான். ஊர்க்காரர்கள் லாக்கின் மொழியில் பேசுகிறார்கள், அரசு ஹாப்ஸின் மொழியில் பதில் சொல்கிறது.

இனி ஆலைக்குள் போவோம். ஐந்தாம் அத்தியாயத்தில் லாக் ஓர் உதாரணம் தருகிறார். பொது நிலத்தில் என் குதிரை மேய்ந்த புல்லும், என் வேலைக்காரன் வெட்டிய புல்கட்டியும், நான் தோண்டிய தாதும் என் சொத்தாகின்றன என்பது அதன் பொருள். வேலைக்காரன் வெட்டியது ஏன் வேலைக்காரனுக்குச் சொந்தமாகவில்லை? லாக் நின்று விளக்கவே இல்லை. குதிரைக்கும் தனக்கும் நடுவில் வேலைக்காரனை வைத்துவிட்டுக் கடந்து போகிறார். 1962இல் கனடா நாட்டு அறிஞர் மக்ஃபர்சன் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, லாக்கின் மனிதன் தன் உழைப்பை விற்கக்கூடிய மனிதன், விற்ற பிறகு அது அவனுடையதல்ல என்று விரிவாக வாதிட்டார். ஜேம்ஸ் டல்லி போன்றவர்கள் அதை மறுத்தார்கள். எனக்கு மக்ஃபர்சன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. 1697இல் லாக் வர்த்தக வாரியத்துக்கு எழுதிய ஏழைகள் பற்றிய அறிக்கையில், மூன்று வயதைத் தாண்டிய ஏழைக் குழந்தைகளை வேலைப் பள்ளிகளில் சேர்த்து உழைக்க வைக்க யோசனை சொன்னவர் அவர். உழைப்பைப் போற்றியவர் உழைப்பாளியைப் போற்றினார் என்று சொல்ல முடியாது.

ஆனால் இரண்டாம் ஆய்வுரையில் இன்னோர் இடமும் உண்டு. சுதந்திர மனிதன் கூலிக்காகத் தன் சேவையைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கலாம். அதனால் எசமானுக்குக் கிடைக்கும் அதிகாரம் தற்காலிகமானது, ஒப்பந்தத்தில் எழுதியதற்கு மேல் ஒரு பிடியும் கிடையாது என்கிறார் லாக். இதை வைத்து ஒரகடத்தைப் பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டலில் எத்தனை மணிக்குள் இருக்க வேண்டும், அங்கே எதைச் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் எந்த ஒப்பந்தத்தில் வருகிறது? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றதைத் தொடர்ந்து, இரவு முழுக்கச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். கூலி உயர்வு அப்போது முதல் பேச்சாக இல்லை. உழைப்பை விற்றோம், உடம்பை விற்கவில்லை என்பதுதான் அந்த இரவின் பேச்சு. தன் உடம்பு தனக்கே சொந்தம் என்ற லாக்கின் முதல் அடியை அவர்கள் அந்தத் தார்ச்சாலையில் உட்கார்ந்து சொன்னார்கள்.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சம்பளத்தோடு அவர்கள் கேட்டது, தங்கள் சங்கத்தைச் சங்கமாக ஏற்கவேண்டும் என்பது. ஒப்பந்தம் செய்துகொள்ள இரண்டு தரப்பு வேண்டும். தனித்தனியாக நிற்கும் ஆயிரம் பேர் ஒரு தரப்பு ஆவதில்லை. சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. பதிவுக்கே இத்தனை போராட்டம் என்றால், லாக் கற்பனை செய்த சுதந்திரமான ஒப்பந்தம் இந்தச் சாலையில் இன்னும் பிறக்கவில்லை என்றுதான் நான் முடிவு செய்கிறேன்.

உழைப்பு உரிமையைப் பிறப்பிக்கும் என்ற கருத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒருமுறை அழகாக எழுதியது. 1981ஆம் ஆண்டின் தொழிலாளர் நிரந்தரத் தகுதிச் சட்டம், 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. பத்திரமில்லை, பட்டா இல்லை. நாள் கணக்குதான் உரிமை. கான்ட்ராக்டர் மாறிவிட்டார், பெயர்ப்பட்டியல் மாறிவிட்டது, நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள் என்பது இந்த வட்டாரத் தொழிற்சங்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. தரிசுக்கு மிராசுதாரரின் முன்னுரிமையைப் போல, உழைப்பு உரிமையாக முதிர்வதற்கு முன்னால் அதை வெட்டும் கருவி ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு வடிவில் கிடைத்துவிடுகிறது.

டேவிட் ஹியூம் 1740இலேயே லாக்கை மறுத்துவிட்டார். உழைப்பைக் கலப்பது என்பது வெறும் உருவகம், சொத்து என்பது மனிதர்கள் வசதிக்காக ஏற்படுத்திக்கொண்ட மரபு என்றார். தர்க்கத்தில் ஹியூம் வலுவானவர். அவரைப் பற்றித் தனியாகவே பேசப்போகிறோம். ஆனாலும் நான் லாக்கை விட்டுவிடத் தயாரில்லை. மரபு என்று சொல்லிவிட்டால் மிராசுதாரரின் முன்னுரிமையும் மரபுதான். மரபை எதிர்த்துக் கேட்க ஒரு பிடிமானம் வேண்டும், அந்தப் பிடிமானம் லாக்கின் முதல் பாதியில் இருக்கிறது. ஆண்டவர்கள் அவருடைய இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டு நிலத்தை வாங்கினார்கள். முதல் பாதி இன்னும் பாக்கி.

அந்தப் பாக்கியைக் கேட்க வழி இருக்கிறது. இந்த வட்டாரத்தில் இனி எடுக்கும் ஒவ்வொரு ஏக்கருக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு நடக்க வேண்டும். பட்டா இல்லாமல் உழைத்தவர் பெயரும் பட்டியலில் வர வேண்டும். எந்தெந்தச் சர்வே எண்கள் பஞ்சமி நிலம் என்பதை ஊர்வாரியாக அரசு வெளியிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் இருக்கும் வாசகர்கள் தங்கள் கிராம சபையில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆலையில் வேலை செய்பவர்கள், நாள் கணக்குக்குச் சான்றாக, சம்பளச் சீட்டையும் வருகைப் பதிவையும் ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள்.

(தொடரும்)